ஒன்பது பெயர்களும் ஆயிரம் டாலர் கைமுதலும்

பேஸ்பால் ஆட்டத்தில் அன்று யார் யார் இறங்குகிறார்கள், எந்த வரிசையில் மட்டை பிடிக்கிறார்கள் என்ற பட்டியல், ஆட்டம் தொடங்குவதற்கு இரண்டு முதல் நான்கு மணி நேரத்துக்கு முன்பு வெளியாகும். லைன்அப் என்பார்கள். 2021ஆம் ஆண்டுக் கோடையில் அந்தப் பட்டியலுக்காக நான் காத்துக் கிடந்ததைப் போல என் பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவுக்குக்கூடக் காத்திருந்ததில்லை. அமெரிக்காவில் நியூ ஜெர்சி மாநிலத்தின் எடிசன் நகரில் வசிக்கிறேன். சரக்குப் போக்குவரத்து நிறுவனம் ஒன்றின் கணக்குப் பிரிவில் வேலை. பிற்பகல் மூன்றரை மணிக்கு மேல் அலுவலகக் கணினியில் கணக்குகளைச் சரிபார்த்தபடியே, மேசைக்குக் கீழே கைப்பேசியில் ஒன்பது பெயர்களைத் தேடிக்கொண்டிருப்பேன். பட்டியல் வந்ததும் பந்தயம் வைப்பேன். மூன்று பருவங்கள் இப்படிக் கழிந்தன. அவற்றில் ஆட்டத்தைப் பற்றிக் கற்றுக்கொண்டது கொஞ்சம். பணத்தைப் பற்றிக் கற்றுக்கொண்டது அதிகம். இரண்டையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

சட்ட நிலையை முதலில் சொல்லிவிடுவது நல்லது. 2018 மே 14 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம், விளையாட்டுப் பந்தயத்துக்கு மாநிலங்கள் அனுமதி தருவதைத் தடுத்து வந்த கூட்டரசுச் சட்டத்தைச் செல்லாது என்றது. வழக்கைக் கொண்டு சென்றதே நியூ ஜெர்சிதான். சரியாக ஒரு மாதத்தில், ஜூன் 14 அன்று, இங்கே முதல் சட்டபூர்வப் பந்தயம் வைக்கப்பட்டது. அதன் பிறகு கைப்பேசிச் செயலி வழியாக இது பால் வாங்குவதைப் போல எளிதாகிவிட்டது. இதைத் தமிழ்நாட்டிலிருந்து படிப்பவர்களின் நிலை வேறு: இந்தியாவில் 2025ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்கள் அனைத்தும் தடை செய்யப்பட்டவை. அங்கே செய்து பார்ப்பதற்கான வழிகாட்டியாக யாரும் இதை எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கிரிக்கெட்டோடு வளர்ந்த நமக்குப் பேஸ்பால் வரிசை ஓர் ஏணியைப் போலத் தோன்றும். உண்மையில் அது ஒரு சக்கரம். ஒன்பதாமவர் ஆடி முடித்ததும் மீண்டும் முதலாமவர் வருவார். மூன்று அவுட்டில் முடியும் ஓர் இன்னிங்ஸ் ஐந்தாமவரோடு முடிந்தால் அடுத்த இன்னிங்ஸ் ஆறாமவரோடு தொடங்கும். இதை எனக்குக் கற்றுக்கொடுத்தது என் மகனின் சிறுவர் அணிக்கு ஸ்கோர் எழுதிய வேலை. அந்த ஸ்கோர் ஏட்டில் ஒவ்வொரு பேட்டருக்கும் இன்னிங்ஸுக்கு ஒரு கட்டம். கட்டத்துக்குள் மைதானத்தின் சின்ன வைர வடிவம். பந்து வீசும் பிட்சர் 1, அவருக்கு எதிரே குந்தியிருந்து பிடிக்கும் கேட்சர் 2 என்று ஒன்பது இடங்களுக்கும் எண் உண்டு. இரண்டாம், மூன்றாம் தளங்களுக்கு இடையே நிற்கும் ஷார்ட்ஸ்டாப் பந்தை எடுத்து இரண்டாம் தளத்துக்கு எறிந்து, அங்கிருந்து முதல் தளத்துக்குப் போய் இருவர் அவுட் ஆனால் 6-4-3 என்று எழுத வேண்டும். மூன்றாவது ஸ்ட்ரைக்கில் மட்டையை வீசித் தவறவிட்டு அவுட் (ஸ்ட்ரைக்அவுட்) ஆனவருக்கு ‘கே’ எழுத்து; வீசாமலே நின்று பார்த்து அவுட் ஆனவருக்கு அதே எழுத்தைக் கண்ணாடியில் தெரிவதைப் போலத் திருப்பிப் போட வேண்டும். பென்சிலும் அழிப்பானுமாக இரண்டு மணி நேரம் உட்கார்ந்து எழுதினால்தான், வரிசை எந்த இடத்தில் எந்த நேரத்தில் திரும்புகிறது என்பது கைக்குப் பிடிபடும்.

அந்த ஏட்டைப் பார்த்துக்கொண்டிருந்தபோது கிடைத்த ஒரு கணக்கை இன்னும் ரசிக்கிறேன். ஆட்டத்தின் கடைசி அவுட் வரிசையில் எந்த இடத்தில் வேண்டுமானாலும் விழலாம், ஒன்பதில் ஒன்று. ஆகவே வரிசையில் ஓர் இடம் கீழே இறங்கினால், மட்டை பிடிக்கும் வாய்ப்பு சராசரியாக ஓர் ஆட்டத்துக்கு ஒன்றில் ஒன்பதில் ஒரு பங்கு குறைகிறது. ஒரு பருவத்துக்கு 162 ஆட்டங்கள். 162ஐ ஒன்பதால் வகுத்தால் 18. முதலாமவருக்கும் ஒன்பதாமவருக்கும் இடையே எட்டுப் படிகள். அதாவது ஒரு பருவத்தில் ஏறத்தாழ 144 வாய்ப்புகள். சிறந்த பேட்டரை நான்காவதாக இறக்கும் பழைய வழக்கத்தை விட்டு, யாங்கீஸ் அணி ஆரன் ஜட்ஜைப் பெரும்பாலும் இரண்டாவதாக இறக்குவதற்கும், டாட்ஜர்ஸ் அணி ஷோஹே ஓதானியை முதலாவதாகவே அனுப்புவதற்கும் பின்னால் இருப்பது இந்த எளிய கணக்குத்தான். இன்னொன்றும் உண்டு. வெளியூர் அணி ஒன்பது இன்னிங்ஸும் கட்டாயம் மட்டை பிடிக்கும். உள்ளூர் அணி முன்னிலையில் இருந்தால் ஒன்பதாவதை ஆடாது. தனி வீரரின் ஹிட் எண்ணிக்கைமேல் பந்தயம் வைப்பவர் இந்த இரண்டையும் பார்க்காமல் வைத்தால் காசைக் கண்ணை மூடிக்கொண்டு எறிகிறார் என்று பொருள்.

பட்டியலில் வேறு என்னென்ன படிக்கலாம் என்று கேட்டால் ஒரு பெரிய கதையே சொல்வேன். இரவு ஆட்டத்துக்கு மறுநாள் பகலில் ஆட்டம் இருந்தால், குந்தியே பந்து பிடிக்கும் முதன்மைக் கேட்சருக்குப் பெரும்பாலும் ஓய்வு. எதிரணிப் பிட்சர் இடக்கையர் என்றால் இடக்கைப் பேட்டர்கள் சிலர் உட்கார்ந்து வலக்கையர் உள்ளே வருவார்கள். செப்டம்பரில் அணியின் அளவு 26இலிருந்து 28 ஆகும். அடுத்த சுற்றுக்குத் தகுதி பெற்றுவிட்ட அணி தன் பெரிய பெயர்களைப் பாதுகாக்கத் தொடங்கும். தொடக்கப் பிட்சர் என்ற பெயரையும் முழுதாக நம்ப முடியாது. 2018 மே மாதத்தில் டாம்பா பே ரேஸ் அணி, ஆட்டத்தை முடிப்பதற்கென்றே பழக்கப்பட்ட செர்ஜியோ ரோமோவைத் தொடக்கத்தில் ஓர் இன்னிங்ஸுக்கு மட்டும் வீச வைத்து, அதன் பிறகே நெடுநேரம் வீசுபவரைக் கொண்டுவந்தது. ‘ஓப்பனர்’ என்ற அந்த உத்தி பிறகு பரவிவிட்டது. பட்டியலில் இருக்கும் பெயருக்கும் உண்மையில் ஐந்து இன்னிங்ஸ் வீசப்போகும் ஆளுக்கும் தொடர்பே இல்லாமல் போகலாம்.

இவ்வளவும் தெரிந்தவன் என்ற மிதப்பில்தான் நான் விழுந்தேன்.

2021 ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பகல் 1.35க்கு ஆட்டம். காலையில் இட்லிக்கு மாவு ஊற்றும் நேரத்தில் பட்டியல் வந்தது. உள்ளூர் அணியில் முதன்மைக் கேட்சர் இல்லை. மூன்றாவதாக ஆடும் நட்சத்திரமும் இல்லை. எதிரணியின் விலை முந்தின இரவு பிளஸ் 130ஆக இருந்தது. அதாவது 100 டாலர் வைத்தால் வெல்லும்போது 130 லாபம். 230இல் 100 என்பதால், அந்த விலைக்குள் இருக்கும் வெற்றி வாய்ப்பு 43.5 சதவீதம். நான் செயலியைத் திறந்தபோது விலை பிளஸ் 118ஆக இறங்கிவிட்டிருந்தது. அது 45.9 சதவீதம். ‘இரண்டரைப் புள்ளிதானே நகர்ந்திருக்கிறது, இரண்டு பெரிய ஆள்கள் இல்லையே’ என்று, வழக்கமாக வைக்கும் 10 டாலருக்குப் பதில் 60 டாலர் வைத்தேன். ஆட்டம் ஏழுக்கு இரண்டு என்று முடிந்தது. வென்றது ஓய்வு கொடுத்த உள்ளூர் அணி. ஓய்விலிருந்த நட்சத்திரம் ஏழாவது இன்னிங்ஸில் பிஞ்ச் ஹிட்டராக, அதாவது மாற்று பேட்டராக, வந்து இரண்டு ஓட்டங்களை உள்ளே கொண்டுவந்துவிட்டுப் போனார். லைன்அப்பில் இல்லாதவர் ஆட்டத்திலேயே இல்லை என்று நான் நினைத்திருந்தேன். பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர் எந்த நேரத்திலும் எழுந்து வரலாம் என்பது ஸ்கோர் ஏடு எழுதும் எனக்கே மறந்துபோயிருந்தது.

தோற்றதால் நான் செய்தது தவறாகிவிடாது. ஓர் ஆட்டத்தை வைத்து எதையும் சொல்ல முடியாது. தவறு வேறிடத்தில் இருந்தது. வெகு நல்ல வீரர் ஒருவர், மாற்று ஆள் ஒருவர் ஆடுவதைவிட ஒரு பருவத்தில் தன் அணிக்கு ஐந்து அல்லது ஆறு வெற்றிகள் கூடுதலாகத் தருகிறார் என்று வையுங்கள். 162ஆல் வகுத்தால் ஓர் ஆட்டத்துக்கு மூன்று, மூன்றரை சதவீதம். பத்து வெற்றிகள் தருபவர் அபூர்வம். அவருக்கே ஏறத்தாழ ஆறு சதவீதம்தான். பெயர் பெரியதாக இருப்பதால் அவர் இல்லாத அணி சரிந்துவிடும் என்று மனம் சொல்கிறது. கணக்கு அப்படிச் சொல்வதில்லை. அன்று வீசுகிற பிட்சர் யார் என்பது ஓர் ஆட்டத்தில் அதைவிடப் பெரிய வித்தியாசத்தை உண்டாக்கும். மேலும், ஞாயிறு பகலில் கேட்சருக்கு ஓய்வு கிடைக்கும் என்பது எனக்குத் தெரிந்தால் விலை போடுகிறவருக்குத் தெரியாதா? அது சனிக்கிழமை இரவே விலைக்குள் பாதி ஏறியிருக்கும். மீதி ஏறுவதற்குப் பட்டியல் வந்த பிறகு சில நொடிகளே தேவை. 2019ஆம் ஆண்டு முதல், அணிகள் தங்கள் பட்டியலை வெளியிடுவதற்குக் கால் மணி நேரம் முன்பாக மேஜர் லீக் என்ற இந்தத் தொழில்முறைத் தொடரின் தலைமையகத்துக்குக் கொடுக்க வேண்டும் என்ற விதி இருக்கிறது. பந்தயச் சந்தை வளர்ந்ததால் வந்த விதி அது. பட்டியலுக்கு அவ்வளவு மதிப்பு இருக்கிறது என்றுதான் அதற்குப் பொருள். நான் மேசைக்கு அடியில் பார்க்கும்போதும் அந்த மதிப்பு மிச்சமிருக்கிறது என்று பொருளாகாது.

என் வீட்டிலிருந்து அரை மணி நேரம் வண்டி ஓட்டினால் மர்ரி ஹில் வரும். அங்கே இருந்த பெல் ஆய்வகத்தில் பணியாற்றிய ஜான் கெல்லி என்பவர் 1956இல் ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார். தொலைத்தொடர்பு பற்றிய கட்டுரைதான். ஆனால் அதில் ஒரு சூதாடி வருகிறார். ஊருக்குச் செய்தி தெரிவதற்கு முன்பே ஆட்டத்தின் முடிவு அவருக்கு ஒரு தனிக் கம்பி வழியாக வந்துவிடும். கெல்லி எடுத்துக்கொண்ட உதாரணமே சமபலம் கொண்ட இரண்டு அணிகள் ஆடும் பேஸ்பால் ஆட்டங்கள்தான். கம்பியில் இரைச்சல் இல்லையென்றால் அவர் கையிலிருக்கும் பணம் முழுவதையும் வைக்கலாம். இரைச்சல் இருந்து, செய்தி சில நேரம் தவறாகவும் வருமென்றால், எவ்வளவு பங்கு வைத்தால் கைமுதல் நீண்ட காலத்தில் வேகமாக வளரும் என்பதே கேள்வி. பந்தயப் பணத்தைப் பற்றிப் பேசும் எல்லாரும் இன்று மேற்கோள் காட்டும் சூத்திரம் அங்கிருந்து வந்தது. லைன்அப் என் தனிக் கம்பி என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். அது ஊருக்கே கட்டிய ஒலிபெருக்கி.

இனிக் கைமுதலுக்கு வருகிறேன். ‘பாங்க்ரோல்’ என்று இங்கே சொல்வதற்குக் கைமுதல் என்ற நம் வார்த்தை மிகப் பொருத்தம். வியாபாரத்துக்கென்று ஒதுக்கிய பணம். அரிசி வாங்கவோ வாடகை கொடுக்கவோ எடுக்கக் கூடாதது. கரைந்தால் வியாபாரம் நின்றுபோவது. முதல் பருவத்தில் எனக்கு அப்படி ஒன்று இருந்ததாக நினைத்தேன். அலுவலகத்தில் கிடைத்த போனஸில் ஆயிரம் டாலரை ‘இது இதற்கு மட்டும்’ என்று மனத்துக்குள் ஒதுக்கினேன். மனத்துக்குள் மட்டும்தான் ஒதுக்கினேன். செயலியோ குடும்பத்தின் வங்கிக் கணக்கோடு இணைந்திருந்தது. குறையும்போதெல்லாம் 100, 150 என்று இறைத்துக்கொண்டேன். வீட்டுக் கிணற்றில் குழாயை இறக்கிவிட்டுத் தொட்டி வற்றவே இல்லை என்று மகிழ்ந்தவன் நான்.

ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை எனக்குக் கண் திறந்தது. பேஸ்பாலில் தோல்வியைத் துரத்துவதற்கு நாடே வசதி செய்து கொடுத்திருக்கிறது. கிழக்குக் கரையில் பகல் ஒரு மணிக்கு ஆட்டம், நான்கு மணிக்கு ஆட்டம், மாலை ஏழுக்கு ஆட்டம். எல்லாம் முடிந்தாலும் மேற்குக் கரையில் நம் நேரப்படி இரவு 9.40க்கும் 10.10க்கும் ஆட்டங்கள் இருக்கும். விட்டதைப் பிடிக்க நினைப்பவனுக்கு அன்றைக்குள்ளேயே நான்கு கதவுகள். பகலில் 20 டாலர் வைத்துத் தோற்றேன். நான்கு மணிக்கு 40. ஏழு மணிக்கு 80. இரவு ஒன்பதரைக்கு ஓக் ட்ரீ ரோட்டில் மளிகைக் கடை வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, மனைவி உள்ளே போயிருந்த இடைவெளியில் 160 டாலர் வைத்தேன். பட்டியலைக்கூட முழுதாகப் பார்க்கவில்லை. நான்காவது இடத்தில் தெரிந்த ஒரு பெயர் இருந்தது, அவ்வளவுதான். கறிவேப்பிலையும் தேங்காயும் நிறைந்த பையோடு அவள் வந்து ஏறியபோது என் முகத்தைப் பார்த்துவிட்டு எதுவும் கேட்கவில்லை. நள்ளிரவு தாண்டி, அந்த 160உம் போன பிறகு, கேட்டாள்.

“ஜெயிச்சா மட்டும் வந்து சொல்றீங்க. மொத்தத்துல கையில என்னங்க நிக்குது?”

அடுத்தவர் கணக்கில் பத்துக் காசு இடித்தாலும் கண்டுபிடித்துச் சம்பளம் வாங்குகிறவன் நான். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. முந்நூறு, நானூறு போயிருக்கும் என்று சொன்னேன். மறுநாள் காலை செயலியிலிருந்து பரிவர்த்தனைப் பட்டியல் முழுவதையும் இறக்கிக் கூட்டினேன். போட்டது 2,350 டாலர். எடுத்தது 600. கணக்கில் மீதி 212. போனது 1,538.

அந்தக் கணக்கைத் தொகை வாரியாகப் பிரித்துப் பார்த்ததில்தான் இந்தக் கட்டுரைக்கான விஷயமே கிடைத்தது. 10, 20 டாலர் வைத்த பந்தயங்கள் எல்லாம் சேர்ந்து ஏறக்குறையத் தட்டுக்குத் தட்டு நின்றன. நிறுவனம் எடுக்கும் தரகு அளவுக்குத்தான் நட்டம். ஆயிரத்து ஐந்நூறில் மிகப் பெரும் பகுதி, 50 டாலருக்கு மேல் வைத்த சில பந்தயங்களில் போயிருந்தது. அவை எல்லாம் இரண்டே வகை: ‘இன்று நிச்சயம்’ என்று தோன்றியபோது வைத்தவை, அல்லது விட்டதைப் பிடிக்க வைத்தவை. யார் ஜெயிப்பார் என்று பார்ப்பதில் நான் முட்டாளும் இல்லை, மேதையும் இல்லை. அகலக்கால் வைத்ததில் போனது பணம்.

அடுத்த பருவத்துக்கு முன்னால் சில ஏற்பாடுகள் செய்தேன். வேறொரு வங்கியில் தனிக் கணக்குத் தொடங்கி ஆயிரம் டாலர் போட்டு, செயலியை அதோடு மட்டும் இணைத்தேன். இங்குள்ள செயலிகளில் ஒரு நாளைக்கு, வாரத்துக்கு, மாதத்துக்கு இவ்வளவுதான் பணம் போட முடியும் என்று நாமே வரம்பு வைக்கலாம். குறைத்தால் உடனே அமலாகும், கூட்டுவதற்குக் காத்திருக்க வேண்டும். பருவத்துக்கு ஒரு முறைதான் பணம் என்று வைத்துக்கொண்டேன். ஒரு பந்தயத்துக்குக் கைமுதலில் ஒரு சதவீதம், அதாவது 10 டாலர். மாதம் பிறக்கும்போது மட்டும் அந்தத் தொகையைத் திருத்துவது. மாலை ஏழு மணி ஆட்டங்களுக்குப் பிறகு பந்தயமே இல்லை. மேற்குக் கரை ஆட்டங்களை விரும்பினால் பார்க்கலாம். இந்தக் கடைசி விதிதான் எனக்கு எல்லாவற்றையும்விட அதிகப் பணத்தை மிச்சப்படுத்தியது என்பது என் மதிப்பீடு.

ஏன் ஒரு சதவீதம், ஏன் ஐந்து இல்லை என்று நண்பர்கள் கேட்பார்கள். பாதிக்குப் பாதி வாய்ப்புள்ள 200 பந்தயங்களை வரிசையாக வைத்தால், அவற்றுக்கு இடையே எங்காவது தொடர்ந்து ஏழு தோல்விகள் வருவதற்கான வாய்ப்பே பாதிக்குச் சற்று மேல். ஏழு தோல்வி என்பது துரதிர்ஷ்டம் இல்லை. அது பருவத்தின் ஒரு வாரம். ஒரு சதவீதக்காரனுக்கு அந்த வாரத்தில் 70 டாலர் போகும். இரட்டிப்பாக்கிக்கொண்டே போகிறவனுக்கு 10, 20, 40, 80, 160, 320 என்று ஆறாவது தோல்வியிலேயே 630 போய்விடும். ஏழாவதாக வைக்க வேண்டிய 640 அவனிடம் இருக்காது. பாதியை இழந்தவன் பழைய நிலைக்கு வர, இருப்பதை இரட்டிப்பாக்க வேண்டும் என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

கெல்லியின் சூத்திரத்தையும் போட்டுப் பார்த்தேன். பிளஸ் 130 விலையில் ஓர் அணிக்கு 46 சதவீத வாய்ப்பு என்று நான் கணித்தால், சூத்திரம் கைமுதலில் 4.5 சதவீதம் வைக்கச் சொல்கிறது. உண்மையான வாய்ப்பு 43.5 சதவீதம்தான் என்றால் அது சொல்வது பூஜ்யம், வைக்கவே வேண்டாம். 46க்கும் 43.5க்கும் இடையே இருப்பது இரண்டரைப் புள்ளி. ஒரு நல்ல பேட்டர் இருப்பதற்கும் இல்லாததற்கும் உள்ள வித்தியாசத்தைவிடக் குறைவு. என் கணிப்பு அவ்வளவு துல்லியம் என்று என் மனைவியிடம் சொல்ல எனக்குத் துணிவில்லை. ஆகவே நாலரையைக் கால் பங்காக்கினால் ஒரு சதவீதத்துக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது.

‘நிச்சயமான ஆட்டம், ஐந்து மடங்கு வை’ என்று யாராவது சொன்னால் எனக்கு இரண்டு அணிகள் ஞாபகத்துக்கு வரும். 2001இல் சியாட்டில் மரினர்ஸ் 116 ஆட்டங்களை வென்று சாதனையைச் சமன் செய்தது. அந்த அணியும் 46இல் தோற்றது. 2024இல் சிகாகோ வைட் சாக்ஸ் 121 தோல்விகளோடு நவீன காலத்தின் மோசமான கணக்கை எழுதியது. அந்த அணியும் 41இல் வென்றது. கடைத்தரமான அணியே நான்கில் ஒன்றை வெல்லும் ஆட்டம் இது.

ஒவ்வொரு பந்தயத்தையும் எழுதி வைக்கும் பேரேட்டில் நான் சேர்த்த ஒரு பத்தி (நெடுவரிசை) மற்ற எல்லாவற்றையும்விடப் பயன்பட்டது: ஆட்டம் தொடங்கும் நொடியில் இருந்த கடைசி விலை. நான் பிளஸ் 130க்கு வாங்கியது கடைசியில் பிளஸ் 120இல் முடிந்தால் நான் மலிவாக வாங்கியிருக்கிறேன்; பிளஸ் 140இல் முடிந்தால் ஏமாந்திருக்கிறேன். ஆட்டத்தின் முடிவில் அதிர்ஷ்டம் கலந்திருக்கும். இந்தப் பத்தியில் அது குறைவு. 2022 பருவத்தில் 248 பந்தயங்கள் வைத்து 94 டாலர் லாபத்தில் முடித்தேன். தலைக்கு ஏறத்தான் செய்தது. மூன்று சதவீதமாக உயர்த்தலாமா என்று யோசித்தேன். பிறகு 248இன் வர்க்கமூலத்தைப் போட்டேன். 15.7 வருகிறது. அதாவது, ஒன்றுமே தெரியாமல் நாணயம் சுண்டி வைத்தவனுக்கும் 15 பந்தய அளவு மேலேயோ கீழேயோ போவது சாதாரணம். 10 டாலர் பந்தய அளவில் என் லாபம் 9.4. கடைசி விலைப் பத்தியைக் கூட்டியதில், பாதிக்கும் குறைவான பந்தயங்களில்தான் நான் மலிவாக வாங்கியிருந்தேன். அதிலும் பட்டியல் வெளியான பிறகு ஓடிப்போய் வைத்தவைதான் மிக மோசம். உயர்த்தவில்லை. 2023இல் 120 டாலர் நட்டம். உயர்த்தியிருந்தால் அது 360.

தனி வீரர் பந்தயங்களிலும் வரிசைக் கணக்கு உதவும் என்று மேலே சொன்னேன். உதவும், ஆனால் அங்கே தரகு கூடுதல். வழக்கமாக இருபுறமும் மைனஸ் 110, அதாவது 110 டாலர் வைத்தால் 100 லாபம், என்றால் 52.4 சதவீதம் வென்றால் தட்டுக்குத் தட்டு. இருபுறமும் மைனஸ் 120 என்றால் 54.5 வேண்டும். அறிவு கொடுத்ததைத் தரகு வாங்கிக்கொண்டது. பிட்சர் மாறினால் பந்தயம் செல்லுமா, செல்லாதா என்பதையும் ஒவ்வொரு செயலியின் விதியிலும் முன்கூட்டியே படித்துவிட வேண்டும். நான் ஒரு முறை படிக்காமல் விட்டு, கடைசி நிமிடத்தில் வந்த வேறொரு பிட்சரோடு மாட்டிக்கொண்டேன்.

வரியையும் கணக்கில் சேருங்கள். கூட்டரசு வருமான வரியில் வென்றது எல்லாம் வருமானம். தோற்றதைக் கழிக்க வேண்டுமென்றால், பொதுவான நிலைக் கழிவை விட்டுவிட்டு, கழிவுகளைத் தனித்தனியாகப் பட்டியலிட வேண்டும். நம்மைப் போன்ற சம்பளக்காரர்களில் பலருக்கு அது கட்டுப்படியாகாது. 2026 முதல் தோல்வியில் 90 சதவீதத்தை மட்டுமே கழிக்கலாம் என்றும் ஆக்கிவிட்டார்கள். மொத்தத்தில் நட்டப்பட்டவன் வரி கட்டும் விநோதம் நடக்கும். ஏட்டில் ஒவ்வொரு பந்தயமும் இல்லையென்றால் அதை எதிர்த்துப் பேசவும் முடியாது.

2024இல் ஓதானியின் மொழிபெயர்ப்பாளர் இப்பே மிசுஹாரா பற்றிய செய்தி வந்தபோது அலுவலகத்தில் எல்லாரும் ஓதானியைப் பற்றிப் பேசினார்கள். நான் கைமுதலைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தேன். சட்டத்துக்குப் புறம்பான தரகரிடம் கடனுக்கு வைத்து வைத்து, ஓதானியின் வங்கிக் கணக்கிலிருந்து 1.7 கோடி டாலருக்குப் பக்கத்தில் எடுத்திருக்கிறார். 57 மாதச் சிறைத்தண்டனை கிடைத்தது. அந்த மனிதருக்கும் எனக்கும் தொகையில்தான் வித்தியாசம் என்று அன்று எனக்குத் தோன்றியது. ஓக் ட்ரீ ரோட்டில் நான் வைத்த 160உம் என் பணம் மட்டும் இல்லை; மகனின் நீச்சல் வகுப்புக் கட்டணம் அதே கணக்கிலிருந்துதான் போயிருக்க வேண்டும். வரம்பு வைத்தும் நிறுத்த முடியவில்லை என்று உணர்கிறவர்கள் நியூ ஜெர்சியில் தங்களைத் தாங்களே பந்தயத்திலிருந்து விலக்கிப் பதிவு செய்துகொள்ளலாம். 1-800-426-2537 என்ற எண்ணில் பேசவும் ஆள் இருக்கிறார்கள். எங்கள் குடியிருப்பில் ஒருவர் ஐந்து ஆண்டுகளுக்குப் பதிந்துகொண்டார். அதைச் சொல்லும்போது அவர் குரலில் இருந்த நிம்மதியை நான் வேறெந்த வெற்றியிலும் கேட்டதில்லை.

நான் முற்றிலும் நிறுத்தவில்லை. 2025 பருவத்துக்கு 300 டாலர், ஒரு பந்தயத்துக்கு 3 டாலர். லைன்அப் வருவதற்கு முன்பே, காலையில் வைத்துவிடுகிறேன். பட்டியலை இப்போது ஸ்கோர் ஏட்டில் எழுதிக்கொள்வதற்காக மட்டும் பார்க்கிறேன். பிரிட்ஜ்வாட்டரில் யாங்கீஸின் கிளை அணியான சாமர்செட் பேட்ரியட்ஸ் ஆடும் மைதானத்துக்கு மகனோடு போகும்போது வலது பக்கக் கட்டங்களை அவன் எழுதுகிறான், இடது பக்கம் எனக்கு. திருப்பிப் போட வேண்டிய ‘கே’யை அவன் என்னைவிட அழகாகப் போடுகிறான். செப்டம்பர் இறுதியில் கைமுதலில் 258 டாலர் மீதி இருந்தது. ஆண்டுக் கணக்கை மனைவி எழுதும்போது அந்த 42 டாலரை எந்தத் தலைப்பில் போடுவது என்று கேட்டாள். பிறகு அவளே ‘பொழுதுபோக்கு’ என்ற தலைப்பில், மைதானத்தில் வண்டி நிறுத்திய கட்டணத்துக்கு அடுத்த வரியில் எழுதிவிட்டாள்.